தண்ணீரால் அடிக்கும் ஹேமர்: மதுரைப் பக்கத்துப் பாறைக்கு ஆகுமா?

கொட்டாம்பட்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பாலிடெக்னிக்கில் படிக்கிறார். அவருடைய அண்ணன் மேலூர் பக்கம் ஒரு கல் குவாரியில் ஜாக்ஹேமர், அதாவது கையில் பிடித்துப் பாறையில் துளை போடும் காற்றுச் சுத்தியல், பிடிக்கிறார். கேள்வி இதுதான்: “காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரின் அழுத்தத்திலேயே ஓடும் ஹேமர் சுவீடனில் இருக்கிறது, அதில் தூசியே பறக்காது என்று வகுப்பில் சொன்னார்கள். தண்ணீர் எப்படிச் சுத்தியல் மாதிரி அடிக்கும்? நம் ஊர் போர்வெல்லுக்கும் குவாரிக்கும் அது வருமா? குடிதண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கும் ஊரில் இது நடக்கிற காரியமா?”

நான் இருபத்தெட்டு வருடமாகத் துளை போடுகிற வேலையில் இருக்கிறேன். கிணற்றுக்கான துளை இல்லை. கட்டடங்களுக்கு அடியில் பிடிமானத்துக்கான நங்கூரக் கம்பி இறக்க, மைக்ரோ பைல் என்ற ஒல்லியான அடித்தளத் தூண் போட, பாறை இடுக்குகளில் சிமெண்ட் பால் செலுத்த என்று போடும் துளைகள். அதனால் முதலில் நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். போர்வெல்லுக்கு அது பொருந்தாது. உங்கள் அண்ணன் வேலை செய்யும் குவாரிக்கு அந்த அளவு பெரிய கருவி தேவையில்லை. ஆனால் நிலத்தடிச் சுரங்கத்திலும், நெரிசலான பழைய நகரத்தின் அடியிலும், அணைக்கு அடியிலுள்ள பாறையிலும் வேலை செய்யும்போது காற்று ஹேமரைவிடத் தண்ணீர் ஹேமர்தான் சரி என்பது என் அனுபவம். அப்புறம், அந்தக் கருவியிலிருந்து உங்கள் அண்ணன் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கருவியின் உள்ளே நடப்பது சிக்கலானதல்ல. நம் ஊரில் போர் போடும் ரிக் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். ராடு வரிசையின் அடியில், பாறையைத் தொடும் முனையான பிட்டுக்கு நேர் மேலே ஒரு இரும்பு உருளை இருக்கும். அதுதான் ஹேமர். கம்ப்ரசரிலிருந்து ராடு வழியாக இறங்கும் காற்று அதற்குள் இருக்கும் பிஸ்டனை மேலே தூக்கி, கீழே அடிக்க வைக்கிறது. பிட்டின் முகத்தில் பதித்த டங்ஸ்டன் கார்பைடு மொட்டுகள் பாறையை நொறுக்குகின்றன. அடித்து முடித்த காற்று பிட்டின் ஓட்டைகள் வழியாக வெளியேறி, நொறுங்கிய பொடியை மேலே தள்ளிக்கொண்டு வருகிறது. மேலே ரிக், மொட்டுகள் ஒரே இடத்தில் விழாதபடி ராடைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. தண்ணீர் ஹேமரிலும் இதே அமைப்புதான். கம்ப்ரசர் இருந்த இடத்தில் ஒரு உயர் அழுத்த பம்ப், காற்று போன வழியில் தண்ணீர். ஒரு வால்வு தண்ணீரை மாற்றி மாற்றி விட, பிஸ்டன் நொடிக்கு அறுபது தடவை வரை அடிக்கிறது.

வித்தியாசம் தண்ணீரின் குணத்தில் இருக்கிறது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். அந்த ஒரு வரியில்தான் இந்தக் கருவியின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. நம் போர்வெல் கம்ப்ரசர் தரும் அழுத்தம் சுமார் 20 பார். ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். தண்ணீர் ஹேமருக்கு 180 பார் வரை போகலாம். எண்ணைப் பார்த்தால் தண்ணீர்தான் ஆபத்து என்று தோன்றும். நிஜம் தலைகீழ். 20 பாருக்கு அமுக்கிய காற்று பிட்டை விட்டு வெளியே வந்ததும் இருபது மடங்கு விரிகிறது, துளைக்குள் ஒரு சின்ன வெடிப்பு மாதிரி. தண்ணீரோ தன் வேலையை பிஸ்டனிடம் கொடுத்துவிட்டு, அழுத்தம் இறங்கி, சாதாரணத் தண்ணீராக வழிகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு அங்குல ரக ஹேமர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 லிட்டர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 115 மில்லிமீட்டர் துளை, 89 மில்லிமீட்டர் ராடு. இரண்டுக்கும் இடையிலுள்ள வளைய இடைவெளியில் தண்ணீர் ஏறும் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர்தான் வரும். நாம் நடக்கிற வேகம். காற்று ஹேமரில் பொடியைத் தூக்கவே நொடிக்குப் பதினைந்து, இருபது மீட்டர் வேகம் வேண்டும். அந்த வேகத்தில் பறக்கும் கற்பொடி துளையின் சுவரையும் அரிக்கும், ஹேமரின் உடம்பையும் அரிக்கும். தண்ணீர் மெதுவாக ஏறுவதால் ஹேமருக்கும் துளைச் சுவருக்கும் நடுவே நெருக்கமாக வழிகாட்டிப் பட்டைகள் வைக்க முடிகிறது. துளை நேராகப் போவதற்கு அதுதான் காரணம். நல்ல ஆள் ஓட்டினால் நூறு மீட்டருக்கு ஒரு மீட்டருக்குள்தான் விலகும்.

இப்படித் துளை நேராகப் போவதற்காகத்தான் சுவீடன்காரர்கள் இதை உருவாக்கினார்கள். அந்நாட்டின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே கிருனா என்று ஓர் ஊர். எல்.கே.ஏ.பி. என்ற அரசு நிறுவனம் அங்கே நிலத்தடியில் இரும்புத்தாது வெட்டுகிறது. ஒரு குடைவழியில் நின்றுகொண்டு தலைக்கு மேலே விசிறி மடிப்பு மாதிரி நீளமான துளைகளைப் போட்டு, வெடி வைத்து, தாதுவைக் கீழே சரிய விட்டு அள்ளுவது அவர்கள் முறை. துளை வளைந்துபோனால் நுனியில் தாது உடையாமல் தொங்கும், அல்லது பக்கத்துத் துளையின் வெடியோடு மோதும். மேலிருந்து ராடை அடிக்கும் முறையில் ஒவ்வொரு மூட்டிலும் அடியின் பலம் குறையும், துளையும் வளையும். காற்று ஹேமரை அடியில் வைத்தால் மூடிய குடைவழி முழுக்கத் தூசியும் எண்ணெய்ப் புகையும் நிற்கும். அந்த நிறுவனம் 1980-களின் இறுதியில் தொடங்கித் தேடிக் கண்ட விடைதான் இந்தத் தண்ணீர் ஹேமர். வாசாரா என்ற பெயரில் இன்று வெளியேயும் விற்கிறார்கள்.

தண்ணீரால் பாறையைக் குடையும் யோசனை அங்கே மட்டும் பிறந்ததல்ல. தென்னாப்பிரிக்காவின் ஆழமான தங்கச் சுரங்கங்களில் வெப்பத்தைத் தணிக்க மேலிருந்து குளிர்ந்த தண்ணீரைக் குழாயில் இறக்குவார்கள். பத்து மீட்டர் தண்ணீர்த் தூணுக்கு ஒரு பார் அழுத்தம். ஆயிரத்தைந்நூறு மீட்டர் இறங்கி வரும் தண்ணீரில் 150 பார் சும்மா இருக்கிறது. அந்த அழுத்தத்தையே வைத்துத் துளையிடும் இயந்திரங்களை ஓட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் இது. இறங்கி வரும் தண்ணீர் காற்றையும் குளிர்விக்கிறது, இயந்திரத்தையும் ஓட்டுகிறது.

ஆழம் என்றதும் இன்னொன்று. நம் பக்கம் ஐந்நூறு, அறுநூறு அடியில் நல்ல ஊத்து கிடைத்தால் ரிக்காரர் ஏன் தடுமாறுகிறார் தெரியுமா? துளைக்குள் நூறு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியில் 10 பார் எதிர் அழுத்தம். ராடு மாட்டிவிட்டு மறுபடி காற்றைத் திறக்கும்போது, 20 பாரில் பாதி அந்தத் தண்ணீரைத் தூக்கவே போய்விடுகிறது. தண்ணீர் ஹேமருக்கு இந்தச் சிக்கலே கிடையாது. ராடுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர், இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். ஐம்பதாவது மீட்டரில் அடித்த மாதிரியே இருநூறாவது மீட்டரிலும் அடிக்கும். டீசலும் மிச்சம். நான் சொன்ன நாலு அங்குல ஹேமருக்கு 180 பாரில் நிமிடத்துக்கு 300 லிட்டர் என்றால் 90 கிலோவாட், அதாவது 120 குதிரைத்திறன். போர்வெல்லின் ஆறரை அங்குலத் துளைக்கு அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும் என்று வைத்தாலும் 240. நம் ரிக் வண்டியின் கம்ப்ரசர் எஞ்சின் நானூறைத் தாண்டும்.

சரி, மதுரைக்கு வருவோம். நான் ஏன் இந்தக் கருவியின் பக்கம் சாய்ந்தேன் என்பதற்கு ஒரு சம்பவம் இருக்கிறது.

2009-ல், மாசி வீதிகளுக்கு அருகே ஒரு கட்டடத்துக்கு இரண்டு அடுக்கு நிலவறை தோண்டினார்கள். பள்ளத்தின் சுவர் சரியாமல் இருக்கச் சாய்வாகத் துளை போட்டு நங்கூரம் கட்டுவது எங்கள் பொறுப்பு. நகரத்தின் அடியில் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. மேலே நூற்றாண்டுகளாகக் கொட்டிய மேட்டு மண், அதற்கடியில் வைகை கொண்டுவந்த மணலும் களியும், அப்புறம் சுக்கான், அதற்கும் கீழே கெட்டிப் பாறை. எங்களிடம் இருந்தது காற்று ஹேமர். மூன்றாவது துளையில் மணல் அடுக்கைத் தாண்டும்போது பொடி வெளியே வருவது நின்றுவிட்டது. காற்று உள்ளே போகிறது, திரும்பி வரவில்லை. ஓட்டுநர் நிறுத்துவதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அம்மா தலைவிரிகோலமாக ஓடி வந்தார். “ஐயா, கெணறு கொதிக்குதுய்யா!” போய்ப் பார்த்தோம். முற்றத்துக் கிணற்றில் தண்ணீர் உண்மையிலேயே கொதிப்பது மாதிரி குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. நடையில் பதித்திருந்த கல் ஒன்று மேலே எழும்பி நின்றது. சுண்ணாம்புச் சுவரில் ஒரு கை நீளத்துக்குக் கீறல். எழுபது எண்பது வருடத்து வீடு அது. அந்தக் குடும்பம் அன்றிரவு உறவினர் வீட்டில் தூங்கியது. பதினொரு நாள் வேலையை நிறுத்தி, சுவரைச் சரிசெய்து கொடுத்து, மீதி நங்கூரங்களை வேறு முறையில் மெதுவாகப் போட்டோம். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அந்தக் கிணறு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அமுக்கப்பட்ட காற்று எளிதான வழியைத் தேடிப் போகும். மணலில் போனால் மணலைத் தளர்த்தும், பாறையின் இடுக்கில் போனால் பக்கத்து போரில் சேறாகப் பீறிடும். கிராமத்தில் ஒருவர் போர் போட்டால் பக்கத்துத் தோட்டத்து போரில் கலங்கல் வருவது இதனால்தான். பிற்பாடு சிங்கப்பூரில் ஒரு வேலையில் தண்ணீர் ஹேமரை முதல்முறை கையாண்டேன். பழைய கடைவீதிக் கட்டடங்களுக்கு ஆறு மீட்டர் தள்ளி, மண்ணுக்குள் கேசிங் என்ற இரும்பு உறைக்குழாயை இறக்கி, பாறைக்குள் துளை. கட்டடங்களில் ஒட்டிய அளவுகோல்கள் எதுவும் அசையவில்லை. மதுரையில் மெட்ரோவுக்கான திட்ட அறிக்கையில் நகர மையப் பகுதியை நிலத்தடியில்தான் காட்டியிருந்தார்கள். அந்தத் திட்டம் என்று, எந்த வடிவத்தில் வந்தாலும் சரி, மீனாட்சி கோயிலுக்கும் திருமலை நாயக்கர் மகாலுக்கும் அருகே பாறையில் துளை போடும் ஒப்பந்தத்தில் காற்றால் துளையிடக் கூடாது என்று ஒரு வரி இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அணைகளும் அப்படித்தான். மதுரை குடிக்கும் தண்ணீருக்குப் பின்னால் நிற்பவை முல்லைப் பெரியாறும் வைகையும். பெரியாறு அணை 1895-ல் முடிந்தது, சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் பொடியும் சேர்த்துக் கட்டியது. 1979-க்குப் பிறகு நடந்த பலப்படுத்தும் வேலையில் அணையின் உச்சியிலிருந்து அடிப்பாறை வரை துளையிட்டு, எஃகு வடங்களை இறக்கி, இழுத்து முறுக்கிக் கட்டினார்கள். அப்படிப்பட்ட பழைய கட்டுமானத்துக்குள் இன்று துளை போடச் சொன்னால், உயர் அழுத்தக் காற்றை உள்ளே விட நான் சம்மதிக்க மாட்டேன். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து உல்ஃப் கிரீக் அணையின் அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறையில் பொந்துகள் விழுந்து நீர் கசிந்தபோது, 2013-ல் முடிந்த தடுப்புச் சுவருக்கான வழிகாட்டித் துளைகளைத் தண்ணீர் ஹேமரால்தான் போட்டார்கள். ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வைகை அணையில் உள்ளது மாதிரி மண்கரை என்றால், அழுத்தத் தண்ணீரும் மண்ணைப் பிளக்கும். மண் இருக்கும் ஆழம் வரை கேசிங் இறக்கி அடைத்துவிட்டு, பாறை தொட்ட பிறகுதான் ஹேமரைத் திறக்க வேண்டும்.

இவ்வளவு நல்ல கருவி போர்வெல்லுக்கு ஏன் வேண்டாம்? தண்ணீர்ச் செலவைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். நிமிடத்துக்கு 300 லிட்டர் என்றால் மணிக்கு 18,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் ஒன்றரை லோடு. வெளிவரும் தண்ணீரைத் தொட்டியில் தெளிய விட்டு, வடிகட்டி, திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் 50 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட மணல் உள்ளே போகாதபடி வடிகட்டாவிட்டால் வால்வும் பிஸ்டனும் தேய்ந்துவிடும். நம் ஊரின் உப்புத் தண்ணீர் இரும்பை வேறு அரிக்கும். ராடு மூட்டு ஒவ்வொன்றிலும் சீல் சரியாக இருக்க வேண்டும். ஒரு இரவில் முடித்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பும் ரிக் வண்டிக்கு இதெல்லாம் ஒத்துவராது.

இதைவிடப் பெரிய காரணம் வேறு. விவசாயி போர் போடுவது தண்ணீரைத் தேடி. காற்று ஹேமரில் வெள்ளைப் பொடி பறந்துகொண்டே இருக்கும், திடீரென்று பொடி நனையும், அப்புறம் சேறாக வரும், பிறகு தண்ணீர் பீறிடும். எத்தனையாவது அடியில் ஊத்து வந்தது, எத்தனை அங்குலம் வருகிறது என்று அங்கேயே நின்று பார்க்கலாம். அந்த நேரத்தில் தோட்டத்துக்காரர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் ஹேமரில் முதல் அடியிலிருந்தே நாம் ஊற்றிய தண்ணீர்தான் வந்துகொண்டிருக்கும். அதில் எது நம்முடையது, எது பூமியுடையது? கடன் வாங்கிப் போர் போடுகிறவருக்கு அந்த ஒரு தகவல்தான் முக்கியம். அதனால் போர்வெல்லுக்குத் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளே சரி. காற்றோடு கொஞ்சம் தண்ணீரைச் செலுத்தித் தெருவில் தூசி பறக்காமல் செய்தால் போதும்.

இப்போது உங்கள் அண்ணன். இதைத்தான் நான் எழுத நினைத்தேன், மற்றதெல்லாம் இதற்கு வழி.

எங்கள் சித்தப்பா கீழவளவு பக்கம் ஜாக்ஹேமர் பிடித்தவர். டிராக்டர் கம்ப்ரசர், கையில் இருபது கிலோவுக்கு மேல் இரும்பு, முகத்தில் ஒரு துண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புருவம் வரை வெள்ளையாக இருப்பார். நாற்பத்தொன்றாவது வயதில் இருமல் தொடங்கியது. காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டார், குறையவில்லை, மறுபடி கொடுத்தார்கள். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இது சிலிக்கோசிஸ், கற்தூசியால் வரும் நுரையீரல் நோய் என்று முன்பே தெரிந்திருக்கும். கடைசி இரண்டு வருடம் திண்ணையிலிருந்து வாசல் வரை நடக்க முடியாமல் இருந்தார். நாற்பத்தெட்டில் போய்விட்டார்.

கருங்கல்லில் கால் பங்கு, சில சமயம் அதற்கும் மேல் குவார்ட்ஸ் என்ற சிலிக்கா கனிமம்தான். அதை நொறுக்கும்போது பறக்கும் தூசியில் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் பொடி பெரிய ஆபத்தல்ல, அது மூக்கிலேயே தங்கிவிடும். ஐந்து மைக்ரானுக்கும் சின்னது, தலைமுடியின் பருமனில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லாதது, அதுதான் நுரையீரலின் அடி வரை போய்த் தழும்பாகிறது. அந்தத் தழும்பு ஆறாது. துண்டு அதைத் தடுக்காது. இது நமக்குப் புதிதாகத் தெரிய வந்ததும் அல்ல. கோலார் தங்கவயலில், நம் தமிழ்ச் சனம் பெருமளவில் வேலை பார்த்த இடத்தில், 1940-களிலேயே தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்து இந்த நோயைப் பதிவு செய்திருக்கிறார்கள். சிலிக்கோசிஸ் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய தொழில் நோய்.

தண்ணீர் ஹேமரில் தூசி வராததற்குக் காரணம் பாறை உடையும் இடத்திலேயே தண்ணீர் இருப்பதுதான். பொடி பிறக்கும்போதே நனைந்துவிடுகிறது. இதற்கு 180 பார் தேவையில்லை. ஜாக்ஹேமரிலேயே நடுவில் ஓட்டையுள்ள ராடு வழியாகச் சிறு குழாயில் தண்ணீர் விடும் ரகம் எப்போதோ வந்துவிட்டது. அடிப்பது காற்றுதான், பொடியை நனைப்பது மட்டும் தண்ணீர். நிமிடத்துக்குச் சில லிட்டர் போதும். தூசியில் பத்துக்கு எட்டு, ஒன்பது பங்கு அடங்கிவிடும். தண்ணீர் எங்கே என்று கேட்பீர்கள். மேலூர் வட்டாரத்தில் கைவிட்ட குவாரிக் குழிகளில் மழைத்தண்ணீர் வருடம் முழுக்க நிற்கிறதே. ஒரு டிரம்மும் குழாயும் இருந்தால் அதையே கொண்டுவரலாம். வேலை சேறாகும், ராடு அடிக்கடி அடைக்கும், வேகம் கொஞ்சம் குறையும். மேஸ்திரிகள் மறுப்பது இதற்காகத்தான். இவற்றில் ஒன்றுகூட ஒருவருடைய நுரையீரலுக்கு ஈடாகாது.

பிட்டில் டங்ஸ்டன் என்று மேலே சொன்னேன். அரிட்டாபட்டியைச் சுற்றிய டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலத்தை 2025 ஜனவரியில் மத்திய அரசு ரத்து செய்தபோது எங்கள் தெருவில் எல்லோரையும் போல நானும் சந்தோஷப்பட்டேன். அந்த உலோகத்தை நம்பிப் பிழைக்கிறவன்தான் நான். ஆனாலும் சமணர் படுக்கையும் சுனைகளும் இருக்கும் அந்தக் குன்றுகளில் துளை போட என்னைக் கூப்பிட்டால் போக மாட்டேன்.

தம்பி, அண்ணனிடம் இந்த வாரமே இரண்டு காரியம் சொல்லுங்கள். முதலில், குவாரியில் தண்ணீர்க் குழாய் பொருத்தும் ஜாக்ஹேமர் இருக்கிறதா என்று கேட்கட்டும். சில இடங்களில் அந்தக் குழாயைக் கழற்றி மூலையில் போட்டு வைத்திருப்பார்கள். அது வரும்வரை காற்று வீசும் திசையைப் பார்த்து, தூசி தன் மேல் அடிக்காத பக்கமாக நிற்கட்டும். துண்டுக்குப் பதில் என்95 முகக்கவசம் போடட்டும். இரண்டாவது, அரசு மருத்துவமனையில் மார்பு எக்ஸ்ரே எடுக்கட்டும். எடுக்கும்போது “நான் இத்தனை வருடமாகக் கல் குவாரியில் ஜாக்ஹேமர் பிடிக்கிறேன்” என்று டாக்டரிடம் அவர் வாயாலேயே சொல்லட்டும், சீட்டிலும் எழுதச் சொல்லட்டும். கூட நீங்களும் போங்கள்.